ஆபரேட்டர் அறையிலிருந்து குணா குகைக்கு

பிப்ரவரி 13, வியாழன் இரவு, வத்தலக்குண்டு

கொடைக்கானல் போக இ-பாஸ் வந்துவிட்டது. 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவால் வந்த ஏற்பாடு; வண்டி எண், எத்தனை பேர், எத்தனை நாள் என்று எல்லாம் கேட்கிறது. அப்பாவின் குல்லாய், மாத்திரை டப்பா, ஃபிளாஸ்க் மூன்றும் ஒரே பையில். மலைமேல் சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கூடாது என்பதால் அம்மாவின் எவர்சில்வர் கூஜாவைத் தேய்த்து வைத்திருக்கிறேன்.

அப்பாவுக்கு 72 வயது. இந்த ஊர் தியேட்டர் ஒன்றில் 22 வருஷம் ஆபரேட்டராக இருந்தார். எங்கள் மொட்டைமாடியில் நின்றால் மலை தெரியும். இருந்தும் அவர் கொடைக்கானலுக்கு ஏறியது இரண்டே முறை, இரண்டும் கல்யாண வீட்டுக்கு. பந்தியில் சாப்பிட்ட கையோடு பஸ் பிடித்து இறங்கிவிட்டார். சாயங்காலக் காட்சிக்கு அவர் இல்லாமல் மெஷின் ஓடாது.

போன வாரம் டிவியில் 'மஞ்சும்மல் பாய்ஸ்' போட்டார்கள். கடைசியில் குகைக்குள் விழுந்த பையனை மேலே தூக்குகிற இடத்தில் 'குணா' படப் பாட்டு வருமே, அப்போது அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்தக் குகைய நான் ஒரு நாளைக்கு நாலு தடவ பாத்திருக்கேன் தாயி. ஓட்டை வழியாத்தான். நேர்ல ஒரு தடவ பாத்துட்டு வந்துருவமா?"

அவர் வாய்விட்டு ஒன்று கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. பள்ளியில் ஒரு நாள் விடுப்பு சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

காமக்காபட்டி தாண்டியதும் ஜன்னலை இறக்கச் சொன்னார். டம்டம் பாறையில் நிறுத்தினோம். எதிர் மலையில் தலையாறு அருவி, 297 மீட்டர் உயரத்திலிருந்து விழுவது. கோடை நெருங்குவதால் வெள்ளை நூல் போலத் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே மஞ்சளாறு அணை.

வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். 'குணா' 1991 நவம்பர் 5, தீபாவளிக்கு வந்தது. 'தளபதி'யும் அன்றைக்கேதான். எங்கள் ஊருக்குப் படப்பெட்டி வந்து சேர மாதக்கணக்கில் ஆனதாம். வரும்போதே ரீல்களில் கோடு விழுந்திருந்ததாம்.

எங்கள் தியேட்டரில் அப்போது கார்பன் மெஷின்தான். செம்பு பூசிய இரண்டு கார்பன் குச்சிகள், நடுவே சின்ன இடைவெளி. அந்த இடைவெளியில் எரிகிற வெளிச்சம்தான் படம். குச்சி எரிய எரிய இடைவெளி கூடும், திரை மங்கும். ஆபரேட்டர் கறுப்புக் கண்ணாடி வழியே பார்த்துத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். எரிந்து மிஞ்சிய துண்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவார். நானும் தம்பியும் அதில்தான் திண்ணையில் எழுதிப் பழகினோம்.

"மத்தப் படத்துக்குக் கொஞ்சம் அசந்தாலும் சமாளிச்சுக்கலாம். குணாவுல இடைவேளைக்கு அப்புறம் குகை வந்துரும். படமே இருட்டு. நம்ம கார்பனும் மங்குச்சுன்னா ஜனங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. 'ஆபரேட்டர், லைட்டப் போடு'ன்னு கீழ இருந்து கத்துவாங்க. அந்த ரீல் முடியிற வரைக்கும் நான் திருகுல இருந்து கைய எடுக்க மாட்டேன்."

ஒளிப்பதிவாளர் வேணு அந்தக் குகைக்குள் எடுத்த வெளிச்சத்தை வத்தலக்குண்டு ஜனங்களின் கண் வரைக்கும் கொண்டு சேர்த்தது அப்பாவின் கை. இத்தனை வருஷம் எனக்கு இது தோன்றவே இல்லை.

சாயங்காலம், பைன் காடு

அறையில் சாமானைப் போட்டுவிட்டு நேராக இங்கே. வண்டியை விட்டு இறங்கியதுமே அப்பா சொல்லிவிட்டார்: "இதை எத்தனை படத்துல ஓட்டியிருக்கேன்!"

எனக்கும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்த்து வளர்ந்தவர்களுக்குக் காடு என்றால் இதுதான். நூல் பிடித்ததுபோல நிமிர்ந்த மரங்கள், நடுவே ஓடிவரும் கதாநாயகி, மேலேயிருந்து சாய்வாக இறங்கும் வெயில். கேமராவுக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. கிளை உயரத்தில், கீழே இடம் காலி, வெளிச்சம் தாராளம்.

ஆனால் எனக்குள் இருக்கும் தாவரவியல் வாத்தியாருக்கு இது காடு இல்லை, தோட்டம். பைன் இந்த மண்ணின் மரமே அல்ல, கொண்டுவந்து நட்டது. சவுக்குபோல ஊசியாக உதிரும் இலை மெத்தையாக மூடிக்கொள்ள, அடியில் பெரிதாக ஒன்றும் முளைப்பதில்லை. குனிந்து ஒரு கை ஊசியிலையை விலக்கிப் பார்த்தேன். அதற்குக் கீழும் ஊசியிலை. பறவைச் சத்தம் கேட்கிறதா என்று நின்றேன். கடைக்காரரின் சோளம் வாட்டும் விசிறிச் சத்தம் மட்டும்தான்.

சினிமாவின் கொடைக்கானலே பெரும்பாலும் இப்படித்தான் என்று இன்று உறைத்தது. ஏரி, 1863இல் லெவிஞ்ச் துரை அணை கட்டித் தேக்கியது. பைனும் யூகலிப்டஸும் வாட்டில் மரமும் வெளியிலிருந்து வந்தவை. பாட்டுக்குப் பாட்டு இவற்றையே காட்டிக் காட்டி, மலை என்றால் இதுதான் என்று மனதில் பதிய வைத்துவிட்டார்கள். இந்த மலைக்கே உரிய சோலைக்காட்டைத் திரையில் நின்று பார்த்த ஞாபகம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கும்? அதற்கும் காரணம் உண்டு. சோலைக்குள் கிளையோடு கிளை பின்னிக்கொண்டு மேலே கூரை போட்டிருக்கும். நடுப்பகலிலும் அந்திபோல இருக்கும். அங்கே கேமராவுக்கு வெளிச்சம் பத்தாது.

பிப்ரவரி 15, சனி

காலை எட்டரைக்கே குணா குகை. கூட்டம் சேர்வதற்குள் போய்விட வேண்டும் என்று அப்பா ஆறு மணிக்கே குல்லாய் போட்டுத் தயாராக இருந்தார்.

சாலையிலிருந்து கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். இருபுறமும் சோலை மரங்கள், பாசி படிந்த கிளைகள். பாதை விரிகிற இடத்தில் அந்த வேர்கள்: மண் அரித்துப்போய், ஒன்றன்மேல் ஒன்றாக, கயிற்றுக் குவியல்போல வெளியே கிடக்கின்றன. எல்லோரும் அதன்மேல் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். காலும் கையும் பட்டுப்பட்டு மேல்பட்டை போய், கோயில் வாசல்படிபோல வழவழப்பாகிவிட்டது. ஒரு வேரின் மடிப்பில் மட்டும் கொஞ்சம் கறுப்பு மண் ஒட்டிக்கொண்டிருந்தது. விரல் நுனி அளவு. அதில் ஒரு சின்னப் பெரணி. சோலை மரம் மிக மெதுவாக வளர்வது. இந்த வேர் இவ்வளவு தடிக்க எத்தனை தலைமுறை ஆகியிருக்கும்! அதன்மேல் ஏறி நிற்காமல் படம் எடுத்துக்கொள்ளலாமே என்று இரண்டு பெண்களிடம் சொன்னேன். மறுபேச்சு இல்லாமல் இறங்கினார்கள். தெரியாமல்தான் செய்கிறார்கள்.

பிளவுகளைச் சுற்றி வனத்துறை கம்பிவேலி போட்டிருக்கிறது. அப்பா வேலியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். தெரிந்தது இலை, பாறை விளிம்பு, அதற்கப்பால் இருட்டு. அவ்வளவுதான். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது. இதற்காகவா இவ்வளவு தூரம் என்று நினைத்துவிடுவாரோ?

வேலி இருக்க வேண்டும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 2006இல் கொச்சி பக்கத்து மஞ்சும்மலிலிருந்து வந்த நண்பர்களில் ஒருவர் இதில்தான் விழுந்தார். கயிற்றைக் கட்டிக்கொண்டு இன்னொரு நண்பர் இறங்கி அவரைத் தூக்கிவந்தார். அந்த உயிர்காப்புக்கு ஜீவன் ரக்ஷா பதக்கம் கிடைத்தது. அவர்களுக்கு முன் இறங்கியவர்கள் எல்லோருக்கும் அப்படி ஒரு நண்பன் வாய்க்கவில்லை. அந்தக் கதை 2024இல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' படமாக வந்தபோது, அதில் வரும் குகை பெரும்பாவூரில் ஒரு கிடங்குக்குள் போட்ட செட் என்று நான் சொன்னதை அப்பா நம்பவே இல்லை. இன்று வேலியோரம் நின்று தலையை ஆட்டினார்.

"சரிதான். இதுக்குள்ள இனிமே யாரும் எறங்கி எடுக்கக் கூடாது. எங்க படத்துக்கு எறங்கினாங்களே, அதுவே பெருசு."

'எங்க படம்' என்றார். பக்கத்தில் நின்ற கேரளத்துப் பையன் திரும்பிப் பார்த்தான். அப்பா ஆபரேட்டர் என்று சொன்னதும் அவனுக்குக் கண் விரிந்தது.

"அங்கிள், குணா வந்தப்போ கூட்டம் இருந்ததா?"

"மொத மூணு நாள் இருந்துச்சு தம்பி. அப்புறம் பாட்டுக்குன்னே வர்ற ஆளுங்க. தினம் அதே பத்துப் பேரு. அவங்களுக்காகத்தான் நான் கார்பன் திருகுனேன்."

இந்த இடத்துக்கு எத்தனை பெயர்! 1821இல் வார்ட் என்ற நில அளவை அதிகாரி வெள்ளகவி வழியாக மலை ஏறினார். அவருக்குப் பின்னால் இந்த இடத்துக்கு ஆங்கிலத்தில் பிசாசின் சமையலறை என்று பெயர் வந்தது. வௌவால்கள் அடைந்த ஆழமான பிளவுகளும் அதிலிருந்து எழும் பனிப்புகையும் அப்படித் தோன்றியிருக்கும். 1991க்குப் பிறகு குணா குகை. இவர்கள் எல்லோருக்கும் முன்பிருந்தே இந்த மலையில் பளியர்கள் இருக்கிறார்கள். தேனெடுக்கப் பாறையில் கொடி கட்டி இறங்குகிறவர்கள். அவர்கள் வாயில் இதற்கு வழங்கிய பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

அங்கிருந்து தூண் பாறை. மூடுபனி விலகக் கால் மணி நேரம் காத்திருந்தோம். பிறகு மூன்று பாறைகளும் ஒவ்வொன்றாகத் துலங்கின, 400 அடி உயரம். அப்பாவிடம் கையைக் காட்டிச் சொன்னேன்: "அப்பா, நீங்க பார்த்த குகை இதுதான். இந்தப் பாறைங்களுக்கு நடுவுல இருக்கற சந்துதான் அது. அங்க மேலேருந்து எட்டிப் பார்த்தோம். இங்க முன்பக்கத்துல நிக்கிறோம்."

அப்பா நெடுநேரம் பேசவில்லை. பிறகு வலது கையைக் குவித்துக் கண்ணருகே வைத்து, மறு கண்ணை மூடிக்கொண்டு, அந்தப் பாறைகளின் இடுக்கைப் பார்த்தார். ஆபரேட்டர் அறையின் சதுர ஓட்டை வழியாகத் திரையைப் பார்க்கும்போது அப்படித்தான் நிற்பார். சின்ன வயதில் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோகும்போது எத்தனை முறை பார்த்திருக்கிறேன்.

இரவு

பூம்பாறை போய்வந்தோம். குழந்தை வேலப்பர் சன்னதியில் அப்பா பெயருக்கு அர்ச்சனை. படிக்கட்டு வயல்களில் பூண்டு. புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டில் இரண்டு கிலோ. களைப்பு. மற்றதை நாளை எழுதுகிறேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

வனத்துறை அனுமதி கிடைத்தது. பேரிஜம் போகும் வழியில் மதிகெட்டான் சோலை. உள்ளே இறங்கக் கூடாது, சாலையோரம் நின்றுதான் பார்க்க வேண்டும். உள்ளே போனவன் புத்தி தடுமாறி வழி தெரியாமல் சுற்றுவான் என்பது ஊர்ப் பேச்சு. 'குணா'வுக்கு முதலில் வைக்க நினைத்த பெயரே 'மதிகெட்டான் சோலை' என்று சொன்னபோது அப்பாவுக்கு அது புதுச் செய்தி. மனம் பிறழ்ந்த ஒருவனின் கதைக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் ஏது?

கொடைக்கானலில் எல்லாப் பெயர்ப் பலகையையும் தாண்டி நான் அப்பாவுக்குக் காட்ட விரும்பியது இதைத்தான். பைன் காட்டில் ஒரே மரம் ஆயிரம் முறை. இங்கே ஒரு மரத்தின் மேலேயே பாசி, பெரணி, ஆர்க்கிட் என்று ஒரு குடித்தனம். திருச்சி ரபினாட் தாவரக் காப்பகத்தைச் சேர்ந்த பாதிரியார் மேத்யூ, 1999இல் இந்தப் பழனி மலைத் தாவரங்களைப் பற்றிப் பெருநூல் வெளியிட்டார். கல்லூரி நூலகத்தில் அதைப் புரட்டியபோதுதான் என் ஊருக்கு மேலே என்ன இருக்கிறது என்று எனக்கே தெரிந்தது. மழையைப் பஞ்சுபோல இழுத்து வைத்துக்கொண்டு வருஷம் முழுக்கக் கசியவிடுவது சோலையும் அதை ஒட்டிய புல்வெளியும்தான். புல்வெளியைத் தரிசு நிலம் என்று எண்ணி அதில் வாட்டில் மரத்தை நட்டார்கள். இந்தப் பேரிஜம் ஏரித் தண்ணீர் பெரியகுளம் ஊர்க்காரர்களுக்குக் குடிநீர். காட்டைக் கேமரா பார்க்கவில்லை என்றால் பரவாயில்லை. தண்ணீர் குடிக்கிற நாமும் பார்க்கவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. திங்கட்கிழமை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைத்தான் முதலில் பேசப்போகிறேன்.

எல்லாம் போய்விடவும் இல்லை. வயதான வாட்டில் மரங்களின் நிழலில் சோலைக் கன்றுகள் தானாக முளைத்து வருவதை இந்த மலையில் வேலை செய்கிறவர்கள் கவனித்திருக்கிறார்கள். வெய்யிலில் கருகிவிடும் கன்று, நட்டவன் நினைக்காத நிழலில் பிழைக்கிறது. சாலையோரம் அப்படி ஒரு கன்று என் முழங்கால் உயரத்தில் நின்றது. புது இலை செம்பு நிறம். அப்பா ஒரு இலையின் முனையை இரண்டு விரலால் தொட்டார், பறிக்கவில்லை.

சோலைக்குள் உற்றுப் பார்த்தபடி நின்றார். பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியாத இருட்டு.

"இருட்டா இருக்குப்பா, கெளம்பலாமா?" என்றேன்.

"இரு தாயி, கண்ணு பழகட்டும். தியேட்டருக்குள்ள நுழைஞ்ச ஒடனே எதாவது தெரியுமா?"

நின்றோம். கொஞ்ச நேரத்தில் முதலில் பாசியின் பச்சை தெரிந்தது. அப்புறம் ஒரு கிளையின் வளைவு. அப்புறம் அதற்கும் பின்னால் மெல்லிசாக ஓடுகிற தண்ணீர்.