மூன்று படங்கள்

பாவாத மலையின் நிழலைப் படம் பிடிக்க வேண்டுமென்பது எனது நெடுநாள் ஆசை. 2003 பெப்ரவரியில், பாதைகள் திறந்திருந்த அந்தச் சமாதான காலத்தில், அது கைகூடியது. வாப்பாவும் வருவதாகச் சொன்னார். ஆதம் நபியின் பாதம் பட்ட மலை என்று சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர். இப்னு பதூதா 1344இல் சங்கிலிகளைப் பிடித்துக்கொண்டு ஏறிய கதையை வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

நானோ வேனிலிருந்தபடியே டெவோன், சென்கிளேயர் நீர்வீழ்ச்சிகளைச் சுட்டுத் தள்ளினேன். முப்பத்தாறு படங்களுக்கான பிலிம்ரோல். நல்லதண்ணியில் இறங்கும்போது மூன்றுதான் மிச்சம். கடையில் வாங்கியிருக்கலாம். பேரம் பேசிவிட்டு வாங்காமல் வந்தேன். அந்தக் கஞ்சத்தனத்தை இன்றும் நினைத்துக்கொள்வேன்.

நள்ளிரவில் ஏறத் தொடங்கினோம். 2,243 மீற்றர் உயரம். வாப்பா பத்துப் படிக்கொருமுறை நின்றார். உச்சியை அடைந்ததும் ஓர் ஓரமாகச் சால்வையை விரித்து சுபஹ் தொழுதார். சூரியன் எழும்பியதும் எல்லோரும் கிழக்கே பார்க்க, நான் மேற்குப் பக்கம் ஓடினேன்.

பள்ளத்தாக்கு மூடுபனியின் மீது கருநீலக் கூம்பாக நிழல் விழுந்து கிடந்தது. மலை கூராக இருப்பதால்தான் நிழலும் கூராக இருக்கிறதென அன்று நினைத்தேன். அப்படியல்ல. மலை எந்த வடிவில் இருந்தாலும், உச்சியில் நின்று பார்ப்பவனுக்கு, நீண்டுபோகும் நிழல் தண்டவாளம்போலத் தூரத்தில் ஒடுங்கி முக்கோணமாகவே தெரியும்.

"என்னையும் வெச்சி ஒரு படம் புடிங்க மகன்" என்றார் வாப்பா, பின்னால் வந்து நின்று.

"கொஞ்சம் இரிங்க வாப்பா, நெழல் போயிரும்."

மூன்றையும் நிழலுக்கே கொடுத்தேன். சூரியன் மேலேற, நிழல் சுருங்கி மலையடிக்கு வந்து கரைந்தது. திரும்பிப் பார்த்தேன். வாப்பா தொப்பியைச் சரிசெய்து, சால்வையைத் தோளில் ஒழுங்காகப் போட்டுக்கொண்டு நின்றார். பிலிம் முடிந்துவிட்டதென்றேன். "பரவாயில்ல, இறங்குவம்" என்றார்.

ஊரில் கழுவிப் பார்த்தபோது முதலிரண்டு படங்களிலும் வெறும் வெளிறிய புகை. மூன்றாவதில் மங்கலாக ஒரு முக்கோணம். வலப்பக்க மூலையில் காற்றில் பறந்த ஏதோவொரு துணி. படம் கெட்டுவிட்டதென்று மூன்றையும் கடித உறைக்குள் போட்டு வைத்தேன்.

2009இல் வாப்பா மௌத்தானார். பிறகொரு நாள் அலுமாரியைத் துப்புரவு செய்யும்போது அந்த உறை உம்மாவின் கையில் அகப்பட்டது. மூன்றாவது படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தா.

"இது அவர்ர சால்வதானே மகன்?" என்று கேட்டா. அந்தப் படத்தை எனக்குத் திருப்பித் தரவில்லை.