ஒரு நல்ல அணியைக் கெடுப்பது எப்படி?

கொஞ்சம் நீளமான பதிவு இது. ஞாயிற்றுக்கிழமைதானே, காபியைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகப் படியுங்கள்.

நான் மகள் வீட்டுக்கு, அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகருக்கு வந்திருப்பது பலருக்குத் தெரியும். போன வாரம் போட்ட படத்தில் சிவப்புச் சட்டையோடு நிற்பதைப் பார்த்துவிட்டு, "சார், எந்தக் கட்சியில சேர்ந்துட்டீங்க?" என்று ஒரு பழைய மாணவன் கேட்டிருந்தான். கட்சியெல்லாம் இல்லையப்பா. இங்கே ஃபுட்பால் காலத்தில் சனிக்கிழமை வந்தால் ஊரே சிவப்புதான். பல்கலைக்கழக அணியின் நிறம் அது.

ஃபுட்பால் என்றால் நம்ம ஊர்க் கால்பந்து இல்லை. கோழிமுட்டை மாதிரி நீண்ட பந்து. பெரும்பாலும் கையில்தான் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். தலையில் ஹெல்மெட், தோளில் கவசம், மோதல், தள்ளல். எனக்கு விதிகள் பிடிபடவே இரண்டு பயணம் ஆயிற்று. மாப்பிள்ளை பொறுமைசாலி, பேரன் அப்படி இல்லை. "தாத்தா, இதுகூடத் தெரியாதா?" என்பான்.

இந்த மாநிலத்தில் மொத்தமே ஏறக்குறைய 20 லட்சம் பேர். சுற்றிலும் மக்காச்சோளக் காடு. அணியின் பெயரே 'கார்ன்ஹஸ்கர்ஸ்', சோளக்கதிர் உரிப்பவர்கள். தொழில்முறை ஃபுட்பால் அணி இந்த மாநிலத்தில் கிடையாது. அதனால் கல்லூரி அணிதான் எல்லோருக்கும் குலதெய்வம். ஆட்ட நாளில் மைதானத்துக்குள் கூடும் கூட்டத்தை மட்டும் எண்ணினால் அதுவே மாநிலத்தின் மூன்றாவது பெரிய ஊராகிவிடும் என்று இங்கே பெருமையாகச் சொல்வார்கள். 1962 நவம்பரிலிருந்து உள்ளூரில் நடந்த எல்லா ஆட்டங்களுக்கும் டிக்கெட் தீர்ந்திருக்கிறது.

ஆனால் அந்த அணி 2004க்குப் பிறகு என்ன ஆனது என்று கேட்டால் இங்குள்ள பெரியவர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். ஒரு கல்லூரி அணி தலைமையால் எப்படி நாசமாகும் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. வாத்தியார் கண்ணோடு பார்த்ததால் எழுதத் தோன்றியது.

முதலில் நல்ல காலத்தைச் சொல்கிறேன். 1962இல் பாப் டெவானி என்பவர் பயிற்சியாளராக வந்தார். 1970, 1971 இரண்டு ஆண்டும் தேசிய சாம்பியன். அவருக்குக் கீழே உதவியாளராக இருந்த டாம் ஆஸ்போர்ன் 1973இல் பொறுப்பேற்று 25 ஆண்டுகள் இருந்தார். 255 வெற்றிகள், மூன்று தேசியப் பட்டங்கள். இந்த ஆஸ்போர்ன் கல்வி உளவியலில் முனைவர் பட்டம் வாங்கியவர்! மாப்பிள்ளை இதைச் சொன்னதும் எழுந்து உட்கார்ந்தேன். அட, நம்ம ஜாதி!

அவர் முறையில் என்னைக் கவர்ந்தது ஒன்று. அமெரிக்காவில் நல்ல ஆட்டக்காரப் பையன்களுக்கு உதவித்தொகை கொடுத்து இழுப்பார்கள். உதவித்தொகை இல்லாமல் தானாக வந்து சேருகிறவர்களை 'வாக்-ஆன்' என்கிறார்கள். நெப்ராஸ்காவில் இந்த வாக்-ஆன் பையன்கள் ஏராளம். சின்னச் சின்ன ஊர்களிலிருந்து, பண்ணை வீடுகளிலிருந்து வந்தவர்கள். ஆஸ்போர்ன் பயிற்சியின்போது மைதானத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து ஒரே நேரத்தில் பயிற்சி நடத்துவார். முதல் வரிசைப் பையன் ஓடும்போது நான்காம் வரிசைப் பையன் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்க மாட்டான், அவனும் ஓடிக்கொண்டிருப்பான். கடைசி பெஞ்சுக்கும் அதே பாடம். வந்த அன்று யாரும் கண்டுகொள்ளாத பையன் மூன்று, நான்கு வருடத்தில் முதல் வரிசைக்கு வந்துவிடுவான். ஆட்டமுறையும் ஊருக்குப் பொருந்தியது. பந்தைத் தூர வீசுவதைவிட, தூக்கிக்கொண்டு தரையில் முட்டி மோதி முன்னேறுவது. குளிரும் காற்றும் உள்ள ஊருக்கு அதுதான் சரி.

அவரைப் புனிதராக்கவில்லை. 1995இல் ஒரு பெண்ணைத் தாக்கிய முன்னணி வீரரைச் சில வாரங்கள் நீக்கிவைத்துவிட்டு அதே பருவத்தில் திரும்பச் சேர்த்துக்கொண்டார். அதை இன்றைக்கும் பலர் மன்னிக்கவில்லை. எனக்கும் அது சரியாகப் படவில்லை.

1997 முடிவில் அவர் ஓய்வு பெற்றபோது ஃபிராங்க் சோலிச்சிடம் பொறுப்பைக் கொடுத்தார். சோலிச் 1960களில் இதே அணிக்கு ஆடியவர், 1979 முதல் இங்கேயே உதவிப் பயிற்சியாளர். ஆறு ஆண்டுகளில் 58 வெற்றி, 19 தோல்வி. நடுவில் 2002இல் சறுக்கல், ஏழு வெற்றி ஏழு தோல்வி. 2003இல் மறுபடி எழுந்து ஒன்பது வெற்றி, மூன்று தோல்வி. பருவத்தின் கடைசி ஆட்டத்தில் கொலராடோவை அவர்கள் ஊரிலேயே தோற்கடித்தார்கள். மறுநாளே சோலிச்சை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள்!

எடுத்தவர் ஸ்டீவ் பீடர்சன், பல்கலைக்கழக விளையாட்டுத் துறை இயக்குநர். அணி நடுத்தர நிலைக்குச் சரிவதைப் பார்த்துக்கொண்டு இருக்க மாட்டேன் என்பது அவர் சொன்ன காரணம். இவ்வளவு உறுதியாகப் பேசியவர் கையில் மாற்று ஆளைத் தயாராக வைத்திருக்க வேண்டாமா? ஒரு மாதத்துக்கும் மேல் தேடினார். கடைசியில் பிடித்துவந்தது பில் கேலஹன் என்பவரை. தொழில்முறை அணியான ஓக்லண்ட் ரைடர்ஸின் பயிற்சியாளராக இருந்து, நான்கு வெற்றி பன்னிரண்டு தோல்வியோடு அப்போதுதான் வேலை இழந்திருந்தார். அந்தப் பருவத்தில் ஒரு தோல்விக்குப் பிறகு தன் அணியையே அமெரிக்காவின் அடிமுட்டாள் அணி என்று பத்திரிகையாளர்கள் முன்னால் சொன்னவர் இவர். 34 வருடம் கணக்கு நடத்தியவன் சொல்கிறேன்: தன் வகுப்பை முட்டாள் வகுப்பு என்று வெளியில் சொல்லித் திரிகிற ஆசிரியரிடம் என் பிள்ளையைச் சேர்க்க மாட்டேன்.

கேலஹன் வந்ததும் பழைய முறையை அடியோடு மாற்றினார். தரையில் முட்டி மோதும் ஆட்டம் போய், பந்தை வீசும் தொழில்முறைப் பாணி வந்தது. ஏற்கெனவே இருந்த பையன்கள் வேறு ஆட்டத்துக்காகச் சேர்க்கப்பட்டவர்கள். தமிழ்வழியில் படித்த பையனுக்கு முழுப்பரீட்சைக்கு முந்தின மாதம் ஆங்கிலக் கேள்வித்தாள் கொடுத்த கதைதான். 2004இல் டெக்சாஸ் டெக்கிடம் 70-10 என்று தோற்றார்கள். 1961க்குப் பிறகு முதல்முறையாக வெற்றியைவிடத் தோல்வி அதிகமான வருடம் அது. 2007இல் கான்சாஸ் இவர்கள்மேல் 76 புள்ளிகள் எடுத்தது. அந்த வருடமே பீடர்சனையும் அனுப்பினார்கள், கேலஹனையும் அனுப்பினார்கள். வீட்டைச் சரிசெய்ய ஆஸ்போர்னையே இயக்குநராகத் திரும்பக் கூப்பிட வேண்டியதாயிற்று. சோலிச் என்ன ஆனார் என்கிறீர்களா? ஒஹாயோ பல்கலைக்கழகத்துக்குப் போய் 16 பருவம் இருந்தார். அந்தப் போட்டி வட்டத்தின் வரலாற்றிலேயே அதிக வெற்றி பெற்ற பயிற்சியாளர் ஆனார். லிங்கனில் போதாது என்று சொல்லி அனுப்பிய மனிதர்!

அடுத்த இருவரை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். போ பெலினி ஏழு ஆண்டும் குறைந்தது ஒன்பது வெற்றி கொடுத்தார். ஆனால் வாய் சரியில்லை. சொந்த ரசிகர்களையே கெட்ட வார்த்தையில் திட்டிய ஒலிப்பதிவு வெளியே வந்தது. 2014 கடைசியில் அவரையும் எடுத்தார்கள். போகும்போதும் பையன்களைக் கூட்டிவைத்து மேலதிகாரியை அசிங்கமாகப் பேசிவிட்டுப் போனார். அடுத்து மைக் ரைலி. சாதுவான மனிதர். 19 வெற்றி, 19 தோல்வி, மூன்றே வருடம்.

பிறகு வந்தவர்தான் ஊருக்கே செல்லப்பிள்ளை. ஸ்காட் ஃபிராஸ்ட். இந்த மாநிலத்துப் பையன். 1997 சாம்பியன் அணியில் ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக். 2017இல் சென்ட்ரல் ஃபுளோரிடா அணியை 13 ஆட்டத்திலும் ஜெயிக்க வைத்துவிட்டு வந்தார். இனி வனவாசம் முடிந்தது என்று எல்லோரும் நம்பினார்கள்.

47 ஆட்டத்தில் 16 வெற்றி, 31 தோல்வி. இதில் கணக்கு வாத்தியார் புத்தி ஒன்றைத் தோண்டியது. எட்டுப் புள்ளிக்குள் முடிந்த நெருக்கமான ஆட்டங்கள் மட்டும் 27. அவற்றில் ஜெயித்தது ஐந்து! நாணயத்தைச் சுண்டிவிட்டிருந்தால்கூடப் பதின்மூன்று, பதினான்கு வந்திருக்கும். பையன்களுக்குத் திறமை இல்லையென்றால் பெரிய வித்தியாசத்தில் தோற்றிருப்பார்கள். கடைசி ஐந்து நிமிடம் வரை ஈடுகொடுத்துவிட்டுத் திரும்பத் திரும்பக் கோட்டை விடுகிறார்கள் என்றால், அந்த ஐந்து நிமிடத்துக்கு யாரோ அவர்களைத் தயார் செய்யவில்லை என்றுதானே அர்த்தம்? 2021இல் ஒன்பது தோல்வி. ஒன்பதும் ஒற்றை இலக்க வித்தியாசம்.

2022 ஆகஸ்டில் அயர்லாந்தின் டப்ளினில் நார்த்வெஸ்டர்ன் அணியோடு ஆட்டம். 28-17 என்று முன்னிலையில் இருக்கும்போது ஃபிராஸ்ட் 'ஆன்சைட் கிக்' அடிக்கச் சொன்னார். அதாவது பந்தை எதிரணிக்குத் தூரமாக உதைத்துவிடாமல், பக்கத்திலேயே உதைத்துத் தானே பிடிக்கப் பார்ப்பது. பொதுவாக, தோற்றுக்கொண்டிருப்பவன் கடைசி நேரத்தில் வேறு வழியில்லாமல் செய்கிற சூதாட்டம். பந்து எதிரணி கைக்குப் போனது. 31-28, தோல்வி. முடிந்ததும் அந்த உதைக்குத் தான்தான் பொறுப்பு என்றார், சரி. ஆனால் கூடவே, ஆட்டத்தைத் திட்டமிடுகிற உதவியாளர்கள் இன்னும் கற்பனையோடு யோசிக்க வேண்டும் என்றும் ஒரு வார்த்தை போட்டார். அந்த உதவியாளர் வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தலைமையாசிரியர் பெற்றோர் கூட்டத்தில் புது ஆசிரியரைக் கைகாட்டிவிடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த வார்த்தையின் வாசனை தெரியும்.

இரண்டு வாரம் கழித்து ஜார்ஜியா சதர்ன் என்கிற சின்ன அணியிடம் சொந்த ஊரிலேயே 45-42. மறுநாள் ஃபிராஸ்ட் வெளியே. ஒப்பந்தப்படி ஒன்றரைக் கோடி டாலர் கொடுத்து அனுப்பினார்கள். அக்டோபர் 1 வரை, அதாவது மூன்று வாரம் பொறுத்திருந்தால் பாதிப் பணம் மிச்சம். அதுகூட வேண்டாம், இப்போதே போகட்டும் என்கிற அளவுக்கு வெறுத்துவிட்டார்கள்.

பயிற்சியாளர்கள்மேல் மட்டும் பழிபோடவும் முடியாது. உதவித்தொகை எண்ணிக்கைக்கு வரம்பு வந்தது. 2011இல் போட்டி வட்டம் மாறியது, அதனால் பையன்கள் கிடைத்துக்கொண்டிருந்த டெக்சாஸ் பக்கம் தொடர்பு குறைந்தது. இதெல்லாம் உண்மைதான். ஆனால் ஒவ்வொரு புதியவரும் முன்னவர் போட்ட அடித்தளத்தை இடித்துவிட்டு ஆரம்பித்தார். பையன்கள்தான் பாவம், நான்கு வருடப் படிப்புக்குள் இரண்டு, மூன்று முறை அ, ஆவிலிருந்து தொடங்கினார்கள்.

இதே பல்கலைக்கழகத்தில் பெண்கள் வாலிபால் அணி இருக்கிறது. அதே ஊர், அதே நிர்வாகம், அதே குளிர். 1977இலிருந்து 2024 வரை அதற்கு இரண்டே பயிற்சியாளர்கள். முதலில் டெர்ரி பெட்டிட், பிறகு அவருக்கே உதவியாளராக இருந்த ஜான் குக். ஐந்து தேசியப் பட்டங்கள். குக் 2025 தொடக்கத்தில் ஓய்வு பெற்றபோது, அவரிடம் ஆடிய ஒரு பெண்ணே பொறுப்புக்கு வந்தார். 2023 ஆகஸ்ட் 30 அன்று ஃபுட்பால் மைதானத்திலேயே வாலிபால் வலையைக் கட்டி ஆடினார்கள். 92,003 பேர் வந்தார்கள். வாலிபாலுக்கு! நம்ம ஊரில் மரத்தடியில் வலை கட்டி ஆடியவர்களுக்கு இந்த எண்ணிக்கை புரியும்.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியிலும் நல்ல வாலிபால் அணி இருந்தது. ஊர் பெயர் வேண்டாம். பி.டி. சார் மாலையில் முப்பது பையன்களை வைத்துக்கொள்வார். ஆறு பேர்தான் அணி, ஆனால் முப்பது பேருக்கும் பந்து போகும். வருடா வருடம் குறுவட்டப் போட்டியில் ஜெயித்து மாவட்டத்துக்குப் போவார்கள். புதிதாக வந்த தலைமையாசிரியர் மாலை நேரத்தைச் சிறப்பு வகுப்புக்கு எடுத்துக்கொண்டார். போட்டி நெருங்கியதும் வெளியிலிருந்து ஒரு கோச்சை அழைத்து, உயரமான ஆறு பேரை மட்டும் பொறுக்கிப் பத்து நாள் பயிற்சி கொடுக்கச் சொன்னார். முதல் சுற்றிலேயே திரும்பி வந்தார்கள். "பி.டி. வாத்தியார் பசங்களைக் கெடுத்து வச்சிருக்கார்" என்று ஆசிரியர் கூட்டத்தில் பேச்சு வந்தது. அவர் ஒரு வார்த்தை பேசாமல் மாறுதல் வாங்கிக்கொண்டு போனார். இரண்டு வருடத்தில் அந்த இடத்தில் சைக்கிள் ஸ்டாண்ட் வந்துவிட்டது.

இங்கே இப்போது மாட் ரூல் என்பவர் பயிற்சியாளர். முதல் வருடம் ஐந்து வெற்றி, ஏழு தோல்வி. 2024இல் ஏழு வெற்றி, ஆறு தோல்வி, 2016க்குப் பிறகு முதல்முறையாகப் பருவ இறுதி 'பௌல்' போட்டிக்குப் போய் ஜெயித்தும் வந்தார்கள். ஆஸ்போர்ன் காலத்துக் கணக்கில் இது ஒன்றுமில்லை. மாப்பிள்ளைக்கு இதுவே தீபாவளி.

உடற்கல்வி ஆசிரியர்களாக இருக்கிற என் மாணவர்கள் நான்கைந்து பேராவது இதைப் படிப்பீர்கள். உங்கள் பள்ளியில் மாலை நேரம் இன்னும் உங்கள் கையில் இருக்கிறதா? எத்தனை பையன்கள் வருகிறார்கள்? பெண் பிள்ளைகள் ஆட வருகிறார்களா? கீழே எழுதுங்கள். இங்கே இரவு, அங்கே பகல். காலையில் எழுந்ததும் படித்துவிட்டு ஒவ்வொருவருக்கும் பதில் போடுகிறேன்.