காலாஸ் பாடிய கார்மென்

ஜார்ஜ் பிஸேயின் ‘கார்மென்’ ஓப்பெரா 1875இல் பாரிஸின் ஓப்பெரா-கோமிக் அரங்கில் முதன்முதலாக மேடையேறியபோது, பாடல்களுக்கிடையே வசனம் பேசப்படும் வடிவிலேயே இருந்தது. அவ்வாண்டிலேயே பிஸே மறைந்துவிட, அவருடைய நண்பர் எர்னெஸ்ட் கிரோ அவ்வசனங்களை ரெசிடட்டீவாக, அதாவது பேச்சின் போக்கில் இசைக்குழுவின் துணையோடு பாடப்படும் பகுதிகளாக, மாற்றியமைத்தார். 1964இல் ஜார்ஜ் பிரெத்ர் இசைக்குழுவை நடத்த, ஓப்பெரா பாடகி மரியா காலாஸ் பாரிஸில் பாடிய ஒலிப்பதிவு கிரோவின் வடிவத்தையே பின்பற்றுவதால், உரையாடலுக்குரிய துள்ளல் அதில் மங்கிவிடுகிறது. ஆயினும், மேடையில் ஒருபோதும் கார்மெனாகத் தோன்றாத காலாஸ், உச்சஸ்தாயியில் குரல் தள்ளாடத் தொடங்கிவிட்ட அக்காலத்தில், நடு, கீழ் ஸ்தாயிகளையே பெரிதும் நாடும் இப்பாத்திரத்தை ஏற்றது பொருத்தமான (சற்றே சாமர்த்தியமான) தேர்வாகும். மூன்றாம் அங்கத்தில் சீட்டுகள் மீண்டும் மீண்டும் மரணத்தையே காட்டும் இடத்தை, அலறலோ விம்மலோ இன்றி, மார்புக்குரல் எனப்படும் அடர்ந்த கீழ்க்குரலில், தீர்ப்பை வாசிப்பவரைப்போல் அவர் பாடிச்செல்வதற்காகவே இப்பதிவைப் பலமுறை கேட்கலாம். கார்மெனைக் கொல்லும் காதலன் டான் ஹோசேயாகப் பாடும் நிக்கலாய் கெத்தா, சுவீடன் நாட்டவராயினும், பிரெஞ்சு உச்சரிப்பில் துல்லியமானவர். ஆனால் கொலையில் முடியும் வெறிக்கு அவருடைய குரல் சற்று அதிகமாகவே பண்பட்டது.