இந்தத் தண்ணீரில் வேறு யார்?

நோய் வந்தால் மருந்து எடுக்க வேண்டும் என்பது சிறு பிள்ளைக்கும் தெரிந்த விடயம். ஆனால், நோயாளி குடியிருக்கும் தண்ணீரிலேயே மருந்தைக் கரைக்க வேண்டி வந்தால், அதே தண்ணீரில் வாழும் மற்ற உயிர்களின் கதி என்ன? எங்கள் வீட்டு மீன்தொட்டிதான் இந்தக் கேள்வியை என் முன் வைத்தது.

அதில் ஐந்து லே தித்தையா மீன்களும் ஒரு டசின் செரி இறால்களும் இருந்தன. செரி பாப் என்றும் அழைக்கப்படும் லே தித்தையா இலங்கைக்கே உரிய சிறு மீன். தென்மேற்கு ஈரவலயத்தின் நிழல் படர்ந்த ஓடைகளே அதன் இயற்கை வீடு. 1929இல் பி. ஈ. பி. தெரணியகல அதனை விஞ்ஞான உலகுக்கு அறிமுகப்படுத்தினார். மீன்கள் தம்பியின் சொத்து. விரல் நகமளவு சிவந்த இறால்கள் என்னுடையவை. அவற்றுள் ஒன்று அப்போது வயிற்றின் கீழே முட்டைகளைச் சுமந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் பெரிய ஆண் மீனின் செட்டைகளில் உப்புத் தூவியது போல வெண்புள்ளிகள் தெரிந்தன. அது கற்களில் உடலை உரசிக்கொண்டே இருந்தது. வெண்புள்ளி நோய். வாப்பா கடையிலிருந்து ஒரு போத்தல் மருந்து வாங்கி வந்தார். அதில் செப்பு சல்பேற்று இருப்பதாக எழுதியிருந்தது.

உயர்தர வகுப்பில் உயிரியல் படிப்பதால் அந்தப் பெயர் என்னை யோசிக்க வைத்தது. நமது குருதியில் ஒட்சிசனைக் காவுவது இரும்பைக் கொண்ட ஈமோகுளோபின். இறாலின் குருதியில் அந்த வேலையைச் செய்வது செப்பைக் கொண்ட ஈமோசயனின். உடலுக்குள் செப்பு அதற்கு உயிர். ஆனால் தண்ணீரில் கரைந்த செப்பு சிறிதளவு கூடினாலும் அதன் பூக்கள் பழுதடைந்து இறால் இறந்துவிடும். மீனைக் காப்பாற்றும் அளவு மருந்து இறாலுக்கு நஞ்சாகிவிடும்.

“மருந்து ஊத்தாட்டி என்ட மீன் செத்துப் போகும்” என்று தம்பி அழத் தொடங்கினான்.

“மீனுக்கு நோவு வந்ததுக்கு எறாலுகள் என்ன பாவம் செஞ்சிச்சு மகன்?” என்றார் உம்மா.

இருவர் சொன்னதும் நியாயம்தான். வழியைக் காட்டியது அந்த நோய்க்கிருமியின் வாழ்க்கை வட்டம். வெண்புள்ளி என்பது மீனின் தோலுக்கடியில் ஒளிந்திருக்கும் ஒரு கல ஒட்டுண்ணி. அங்கே இருக்கும்வரை மருந்து அதை எட்டாது. முதிர்ந்ததும் கழன்று தொட்டியின் அடியில் ஒட்டி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரியும். அவை இரண்டு நாட்களுக்குள் ஒரு மீனைப் பிடிக்காவிட்டால் மடிந்துவிடும். இறாலின் உடலில் அவற்றால் வாழ முடியாது. ஆகவே தொட்டியில் மீனே இல்லாவிட்டால் நோய் தானாக ஒழிந்துபோகும்.

ஐந்து மீன்களையும் ஒரு பெரிய வாளிக்கு மாற்றினோம். ஒரு லீற்றருக்கு 2 கிராம் என்ற கணக்கில், 15 லீற்றர் தண்ணீருக்கு 30 கிராம் கல்லுப்பைக் கரைத்து, ஒரு நாள் முழுவதும் சிறிது சிறிதாகச் சேர்த்தோம். காற்றுக் குழாயையும் போட்டோம். குளோரின் போவதற்காக முதல் நாளே பிடித்து வைத்த குழாய்த் தண்ணீரில் அதே அளவு உப்பைக் கரைத்து, தினமும் வாளியில் மூன்றிலொரு பங்கை மாற்றினோம். வாளியின் அடியில் தங்கியதையும் உறிஞ்சி எடுத்தோம். சுபஹுத் தொழுகை முடிந்ததும் அதுவே என் முதல் வேலையாக இருந்தது.

மூன்றாம் நாள் அந்தப் பெரிய ஆண் மீன் இறந்துவிட்டது.

“ராத்தா, அந்த மருந்த நேரா தொட்டீல ஊத்தியிருந்தா இது பொழச்சிருக்குமா?” என்று தம்பி கேட்டான். தோலுக்கடியில் இருக்கும் கிருமியை அந்த மருந்தும் எட்டாது என்று விளக்கினேன். பாடம் சரிதான், அவனுக்கு அது ஆறுதலாக இருக்கவில்லை. நான் அவனை அருகில் இருத்திக்கொண்டேன். கொய்யா மரத்தடியில் மீனைப் புதைத்தோம்.

மற்ற நான்கும் அல்ஹம்துலில்லாஹ் தேறின. இரண்டு வாரங்களின் பின் அவற்றைத் தொட்டியில் விட்டபோது பாசிக்குள் ஊசிமுனை போல இறால் குஞ்சுகள் ஊர்ந்துகொண்டிருந்தன. மீன்கள் சிலவற்றைத் தின்னக்கூடும் என்று தெரிந்தே பாசியை இன்னும் அடர்த்தியாக வைத்தேன்.

கடைசி நாள் வாளித் தண்ணீரை ஊற்றுவதற்காகத் தம்பி வீட்டின் பின்பக்கம் போனான். அங்குள்ள கான் ஓடையில் போய்ச் சேர்கிறது. களுத்துறை மாவட்டத்தின் இத்தகைய ஓடைகளில்தான் லே தித்தையாவின் சொந்தங்கள் வாழ்கின்றன. அவன் வாளியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

“இத ஊத்தினா அங்க இருக்கிற மீனுக்கும் வருமா?”

நான் சொல்லிக் கொடுக்காத கேள்வி அது. இருவருமாக வாளியைத் தூக்கிச் சென்று, வெயில் எரிக்கும் சீமெந்துத் தரையில் மெல்ல மெல்ல ஊற்றினோம். ளுஹருக்குள் தரை காய்ந்து, உப்பு மட்டும் வெள்ளையாகப் பூத்திருந்தது.