நாலு வாங்கினால் மூன்று காட்டுகிறதா?

லண்டனுக்கு வந்து ஒரு வீடு கிடைத்து, அடுப்பும் கட்டிலும் வாங்கிய பிறகு, எங்கள் குடும்பங்கள் அடுத்ததாகத் தேடுவது பிள்ளைகளின் படிப்புக்கு ஒரு கொம்பியூட்டர். புதிது வாங்க வசதியில்லை. ஈஸ்ற்ஹாமிலோ, வெம்பிளியிலோ, ரூற்றிங்கிலோ பாவித்ததொன்றைத் தேடி எடுக்கிறோம். இரவு வேலை செய்து மிச்சம் பிடித்த காசு அது. அதனால்தான் சொன்ன கணக்கு குறைந்தால் வயிறு எரிகிறது.

எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு உறவுக்காரத் தம்பி ஒருவர் ஒரு பெட்டி எடுத்துக் கொடுத்தார். நினைவகம், அதாவது றாம், 4 ஜிகாபைற் என்றுதான் சொன்னார். திரையில் 4.00 என்றும், பக்கத்தில் பாவிக்கக்கூடியது 2.93 என்றும் இருந்தது. "தம்பி எங்களைப் பேய்க்காட்டிப் போட்டார்" என்று பேச்சுவார்த்தை நின்றுவிட்டது. இன்னொருவர் வந்து "புது றாம் வாங்கிப் போடுங்கோ" என்றார். தொழிற்சாலையில் மெசின் நின்றால், பழுது எங்கே என்று பார்க்காமல் நாங்கள் சாமான் மாற்றுவதில்லை. இதையும் அப்படியே பார்த்தோம். பள்ளிக்கூடத்தோடு படிப்பை விட்ட எங்களுக்கு விளங்கியதை இங்கே எழுதுகிறோம்.

கொம்பியூட்டருக்குள் நினைவகத்தின் ஒவ்வொரு இடத்துக்கும் வீட்டு இலக்கம் மாதிரி ஒரு இலக்கம் உண்டு. 32 பிற் விண்டோஸ் கொடுக்கக்கூடிய இலக்கங்கள் சுமார் 429 கோடி. அதுதான் 4 ஜிகாபைற். ஆனால் படம் காட்டும் பகுதிக்கும் மற்ற உறுப்புகளுக்கும் அதே வரிசையில்தான் இலக்கம் கொடுக்க வேண்டும். அவை எடுத்தது போக மிஞ்சுவதே நினைவகத்துக்கு. இலக்கம் இல்லாத வீட்டுக்குத் தபால்காரர் போகமாட்டார். வீடு என்னவோ அங்கேதான் இருக்கிறது. இது புதுக் கதையும் அல்ல. 1981இல் வந்த ஐ.பி.எம். கொம்பியூட்டரிலும் 1024 கிலோபைற்றுக்குத்தான் இலக்கம் இருந்தது. அதில் 640ஐ வேலைக்கு விட்டு, மிச்சம் 384ஐ உறுப்புகளுக்கு ஒதுக்கினார்கள்.

அந்த வீட்டுப் பெட்டியிலும் இதுதான் நடந்தது. றாம் 4 சரியாகவே இருந்தது. தம்பி பொய் சொல்லவில்லை. புது றாம் வாங்கியிருந்தால் அந்தக் காசும் வீண்தான்.

உங்கள் வீட்டில் இப்படி இருந்தால் முதலில் செற்றிங்ஸ், சிஸ்ரம், எபவுற் என்று போய்ப் பாருங்கள். 32 பிற்றா, 64 பிற்றா என்று அங்கே இருக்கும். 64 பிற்றாக இருந்து, 8க்கு 7.8 மாதிரிக் காட்டினால் பயப்பட ஒன்றுமில்லை. படம் காட்டும் பகுதி தனி நினைவகம் இல்லாமல் பொதுவில் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது.

அதிகமாகக் குறைந்தால், விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்தி எம்.எஸ்.கொன்பிக் என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். பூற், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ் என்ற இடத்தில் மக்சிமம் மெமரி என்பதற்குப் பக்கத்தில் சரி அடையாளம் இருந்தால் எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டுப் பாருங்கள். அதிலும் சரிவராவிட்டால் றாம் பலகை இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்கலாம். மின்சாரத்தைக் கழற்றி, மடிக்கணனியானால் பற்றரியையும் எடுத்து, ஒரு இரும்பைத் தொட்டுவிட்டுப் பிறகே உள்ளே கை வையுங்கள். பலகையைக் கழற்றி நேராக வைத்து அழுத்தினால் பல நேரம் சரிவரும்.

32 பிற்றிலிருந்து 64 பிற்றுக்கு மாற்ற, புரொசசரும் 64 பிற்றாக இருக்க வேண்டும். அதுவும் அதே எபவுற் பக்கத்தில் தெரியும். ஆனால் ஒன்றை மறக்கவேண்டாம்: இந்த மாற்றத்துக்கு விண்டோஸை முதலிலிருந்து ஏற்ற வேண்டும், உள்ளே இருப்பது அழிந்துவிடும். ஊர்ப் படங்கள், ஹோம் ஒவ்பீஸ் கடிதங்கள், சொலிசிற்றர் அனுப்பியவை, பிள்ளைகளின் பாடங்கள் எல்லாவற்றையும் முதலில் ஒரு யூ.எஸ்.பி.யில் எடுத்து, அதைத் திறந்து பார்த்து உறுதி செய்யுங்கள். றாம் கடையில் கிடைக்கும், அம்மாவின் படம் கிடைக்காது. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 14.10.2025இல் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 64 பிற்றில் மட்டுமே வருகிறது. ஆகையால் இனிப் பழைய பெட்டி வாங்குபவர்கள் விண்டோஸ் 11 ஏறுமா என்று கேட்டே வாங்குங்கள்.

சில இடங்களில் ஏமாற்றும் உண்டு. 8 என்று சொன்ன பெட்டியில் மொத்தமே 4 என்று காட்டி, பலகையை இறுக்கியும் மாறாவிட்டால் கடைக்குப் போங்கள். 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி வியாபாரி விற்கும் பொருள், பாவித்ததாயினும், சொன்னபடி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுக் காசையும் கேட்கலாம். பற்றுச்சீட்டைக் கவனமாக வையுங்கள். ஆங்கிலம் போதாவிட்டால் சிற்றிசன்ஸ் அட்வைஸ் அலுவலகத்தில் உதவி கேளுங்கள். தனி ஆளிடம் வாங்கினால் இந்த 30 நாள் உரிமை கிடையாது. ஆகவே காசு கொடுக்கமுன் பெட்டியைப் போட்டு எபவுற் பக்கத்தைப் பாருங்கள்.

இந்த நாட்டில் எங்களுக்குச் சொந்தமென்று இருப்பது கொஞ்ச மனிதர்கள். ஒரு இலக்கம் குறைந்ததற்காக அவர்களில் ஒருவரைக் குறைத்துக்கொள்ள வேண்டாம். முதலில் பார்ப்போம், பிறகு பேசுவோம்.