உஷ் சொல்லாத கதை

வானொலியில் பத்து ஆண்டுகளாகப் பேசுகிறேன். நான் பேசும்போது குறுக்கே பேச யாரும் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் சிறுவர் நாடகம் ஒன்றுக்குக் கதைசொல்லியாக ஒப்புக்கொண்டேன்.

கானா நாட்டு அஷாந்தி மக்களின் கதை அது. உலகத்துக் கதைகளெல்லாம் வான்தெய்வம் நியாமேயிடம் இருக்கின்றன. அவற்றைப் பெற, மலைப்பாம்பு, சிறுத்தை, குளவிக்கூட்டம், ஒரு குட்டித் தேவதை என நான்கையும் அனான்சி என்ற சிலந்தி பிடித்துத் தரவேண்டும். ஆட ஐந்து பேர். மேடையிலேயே இரண்டு முரசுகள்.

ஒத்திகை பார்க்க வந்த பிள்ளைகள் ஓயாமல் கேள்வி கேட்டார்கள். "உஷ்!" என்றேன். முரசு வாசிக்கும் நண்பர் சிரித்தார். கானாவில் கதை கேட்பவர்களே நடுவில் நிறுத்திப் பாடுவார்களாம். அந்தப் பாட்டுக்கு 'ம்போகுவோ' என்று பெயர். 1975இல் வெளிவந்த 'அனான்சேவாவின் திருமணம்' நாடகத்தில் எஃபுவா சதர்லேண்ட் அதற்கென்றே இடம் வைத்திருக்கிறார்.

நாடக நாள். அனான்சி தன்மேல் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, வாழையிலையைத் தலைக்குமேல் பிடித்து, "மழை! என் குடுக்கைக்குள் வாருங்கள்" என்று குளவிகளை அழைத்தது. முன்வரிசைச் சிறுமி எழுந்து, "மழை இல்ல, பொய்!" என்று கத்தினாள். 'உஷ்' என் உதடுவரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். முரசு அவள் சொன்னதையே தாளமாக்கியது. குளவிகள் ஆட, அரங்கமே "பொய்! பொய்!" என்று பாடியது.

அன்றிரவு என் மகனுக்கும் அதே கதை. "அம்மா, பாம்பு ஏன் ஏமாந்துச்சு?" வழக்கமாக, "இரு, முடிச்சிடுறேன்" என்பேன். அன்று, "நீ என்ன நினைக்கிற?" என்று கேட்டேன்.

கதை முடியவில்லை. பேசிக்கொண்டே தூங்கிப்போனான்.