பாய் தைத்தவரின் மகன்

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் பங்குச் சிறுவர்களுக்கு மறைக்கல்வி வகுப்புகள் நடத்தினோம். ஒருநாள் பாடம், இயேசு பேதுருவின் படகில் அமர்ந்து மக்களுக்குப் போதித்த நிகழ்ச்சி. கடலையே கண்டிராத உள்நாட்டுப் பிள்ளைகளுக்குப் பாய்மரப் படகு எப்படியிருக்கும் என்பதைச் சொற்களால் விளக்கிப் பார்த்தேன், முடியவில்லை. "நான் தூத்துக்குடிக்காரன். உங்களுக்கு ஒரு தோணியே செய்து காட்டுகிறேன்" என்று சற்றுப் பெருமையோடு வாக்குக் கொடுத்துவிட்டேன்.

கல்யாண முருங்கைக் கட்டையைக் குடைந்து இரண்டு சாண் நீளத்தில் உடலைச் செய்தேன். அடியில் ஓர் இரும்புத் துண்டைப் பாரமாகப் பொருத்தினேன். நடுவில் பாய்மரம், அதன்மேல் சாய்வாகப் பாயைத் தாங்கும் பருமல். அரை மீட்டர் புதுப் பாப்லின் துணி வாங்கி, முக்கோணமாக வெட்டி, மூன்று ஓரங்களையும் மடித்துத் தையல் இயந்திரத்தில் அடித்தேன். பார்ப்பதற்கு அழகாகவே இருந்தது.

கோயிலுக்குப் பின்னாலுள்ள குளத்தில் அதனை விட்டோம். காற்று வந்தது. பாயின் ஓரம் படபடவென்று அடித்துக்கொண்டது. நடுப்பகுதி சாக்குப்போலத் தொங்கியது. தோணி ஒரு பக்கம் சாய்ந்து, திரும்பி, சருகைப்போலக் கரையில் ஒதுங்கியது. பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அப்போது ஒரு சிறுவன் கேட்டான்: "சாமி, உங்க அப்பா என்ன வேலை பார்த்தாங்க?"

"துணி சம்பந்தமான வேலை, தம்பி" என்றேன்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்தப் பதில் முழுப் பொய்யன்று; ஆனால் உண்மையும் அன்று. மேலும், அதை நான் சொல்வது முதல்முறையும் அன்று.

என் தந்தை தோணிகளுக்குப் பாய் தைத்தவர். அக்காலத்தில் தூத்துக்குடித் தோணிகள் காற்றை நம்பியே கொழும்புக்குச் சரக்கு ஏற்றிச் சென்றன. தரையில் பரப்பிய கித்தான் துணியின் நடுவே அவர் கால்நீட்டி அமர்ந்திருப்பார். உள்ளங்கையில் தடித்த தோல் உறை. அதில் பதித்த உலோகத் தகட்டால் முப்பட்டை ஊசியின் தலையை அழுத்தித் தள்ளுவார். தேன்மெழுகு பூசிய நூல் அவர் விரல்களை அறுத்து அறுத்துக் காய்த்துப்போயிருக்கும். பின்னர் தோணிகளுக்கு எஞ்சின் வந்தது. அவர் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கப் போனார். அந்தக் கூலியில்தான் நான் படித்தேன்.

1983-ஆம் ஆண்டு, எனது 15-ஆம் வயதில், இளங்குருமடத்தில் சேர்ந்தேன். முதல்நாள் ஒவ்வொருவரும் எழுந்து தம் குடும்பத்தைப் பற்றிச் சொன்னார்கள். ஆசிரியரின் மகன், அலுவலரின் மகன், நிலபுலம் உள்ளவரின் மகன். என் முறை வந்தபோது, "என் தந்தை துணி வணிகர்" என்றேன். அந்தப் பொய்யைப் பின்னர் பாவசங்கீர்த்தனத்தில் அறிக்கையிட்டு மன்னிப்பும் பெற்றேன். ஆனால் யாருக்கு எதிராகச் சொன்னேனோ, அவரிடம் மட்டும் சொல்லவேயில்லை.

மறுவாரம் தோணியைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். தந்தைக்கு இப்போது வயது 88. பார்வை மங்கிவிட்டது. நான் குருவான நாளிலிருந்து அவர் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை; 'சாமி' என்றே அழைப்பார். தோணியை மடியில் வைத்ததும் அவருடைய விரல்கள் பாயின்மேல் மெதுவாக நடந்தன.

"இதை யாரு வெட்டினது, சாமி?"

"நான்தான் அப்பா."

"அதானே பார்த்தேன்" என்று புன்னகைத்தார்.

பிறகு பாடம் தொடங்கியது. துணியை நூல் ஓடும் திசையில் இழுத்துக் காட்டினார்; அது நீளவில்லை. மூலைவாட்டில், தையற்காரர்கள் 'கிராஸ்' என்று சொல்லும் திசையில், இழுத்தார்; ரப்பரைப்போல நீண்டது. பாயின் ஓர் ஓரத்தைப் பருமல் பிடித்துக்கொள்ளும். ஆனால் பின்னோரத்துக்கு மரம் எதுவும் துணையில்லை; காற்றில் தனியே நிற்கவேண்டும். ஆகவே, துணியின் நீளவாட்டு நூல் அந்தப் பின்னோரத்துக்கு இணையாக ஓடவேண்டும். நான் அதைக் கிராஸில் வெட்டியிருந்தேன். அதனால்தான் அது நீண்டு படபடத்தது.

"அடுத்தது மடிப்பு" என்றார். "கப்பலைச் சின்னதாக்கலாம். நூலைச் சின்னதாக்க முடியுமா?" இந்தக் கேள்வியில் மாதிரிக் கப்பல் கலையின் பெரிய சிக்கலே அடங்கியிருக்கிறது. பழைய ஆங்கிலேயப் போர்க்கப்பல்களின் பாய்கள் 24 அங்குல அகலமுள்ள கித்தான் துண்டுகளை இணைத்துத் தைத்தவை. கப்பலை 48-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் அந்தத் துண்டு அரை அங்குலமாகிவிடும். ஆனால் நாம் வாங்கும் துணியின் பருமன் அப்படியேதான் இருக்கும். மடித்துத் தைத்த ஓரம் சிறு பாய்க்குக் கட்டைபோல் ஆகிவிடும். எனவே மெல்லிய துணியே வேண்டும். பழகித் துவைத்த துணியானால் இன்னும் நல்லது, அது மேலும் சுருங்காது. துண்டுகளின் இணைப்புக்குப் பென்சில் கோடே போதும். வெட்டவேண்டிய கோட்டின்மேல் நீர்த்த பசையைத் தடவி, உலர்ந்தபின் வெட்டினால் மடிக்காமலே நூல் பிரியாது.

"பருமலோடு சேர்கிற ஓரத்தை நேரா வெட்டாதீங்க. கொஞ்சம் வெளியே வளைச்சு வெட்டுங்க" என்றார். ஒரு சாண் நீளத்துக்கு நெல்மணியின் அகலம் போதுமாம். வளைந்த ஓரத்தை நேரான கோலில் கட்டும்போது மிகுதித் துணி உள்ளே இறங்கும். பாய்க்கு வயிறு உண்டாகும். வயிறில்லாத பாய் வெறும் பலகை. வயிறு மிகுந்தாலும் தீமைதான். 1851-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இங்கிலாந்தின் வைட் தீவைச் சுற்றி நடந்த போட்டியில் 'அமெரிக்கா' என்ற பாய்க்கப்பல் வென்றது. அதன் நெருக்கமான பருத்திப் பாய்கள் தொய்யாமல் நின்றதும், ஆங்கிலேயரின் லினன் பாய்கள் காற்றில் தொய்ந்ததும் அந்த வெற்றியின் காரணங்களுள் ஒன்றாகச் சொல்லப்படுகின்றன. என் தந்தை இதை எந்த நூலிலும் படித்ததில்லை. அவருடைய விரல்கள் அறிந்திருந்தன.

இறுதியாக, பாயின் ஓரம் முழுவதும் ஒரு கயிறு சேர்த்துத் தைக்கவேண்டும் என்றார். "துணி காத்தைப் பிடிக்கும். பாரத்தைக் கயிறுதான் தாங்கும்." நம்முடைய சிறு தோணிக்கு மெழுகு பூசிய ஒரு தடித்த நூலே அந்தக் கயிறு.

பேச்சுவாக்கில், பிரான்சு நாட்டின் மார்செய்ல் துறைமுகத்தில் மலைமேலுள்ள காவல் அன்னைப் பேராலயத்தைப் பற்றிச் சொன்னேன். புயலில் தப்பிய மாலுமிகளின் நன்றிக் காணிக்கையாக அங்கே சிறு கப்பல்கள் கூரையிலிருந்து தொங்குகின்றன. தந்தை சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "கப்பல் தப்பிச்சு வந்துச்சுன்னா பாயும் தாங்கியிருக்குன்னு அர்த்தம். அதைத் தைச்சவன் யாரோ, பாவம்" என்றார்.

அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை. "அப்பா, குருமடத்தில் சேர்ந்த முதல்நாள் நான் ஒரு பொய் சொன்னேன்" என்று தொடங்கினேன்.

"தெரியும், சாமி" என்றார். "பெற்றோர் நாளுக்கு வந்தேன்லா? உங்க கூட்டாளிப் பையன் ஒருத்தன், 'ஐயா, உங்க துணிக்கடை எந்தத் தெருவுல இருக்கு'ன்னு கேட்டான்."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"நிறையத் துணி பார்த்தவன்தான் தம்பின்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"கோபம் வரவில்லையா, அப்பா?"

"வந்துச்சு. அதுக்கப்புறம் பெற்றோர் நாளுக்கு நான் வரலையே."

வேலை மிகுதியால்தான் அவர் வரவில்லை என்று இத்தனை ஆண்டுகளாக நான் நம்பிக்கொண்டிருந்தேன். என்னால் பேச முடியவில்லை. அவருடைய கைகளைப் பற்றிக்கொண்டேன். சற்றுக் கழித்து, "கொடியிலே என் பழைய வேட்டி கிடக்கும். எடுத்துட்டு வாங்க. வெளிச்சம் இருக்கும்போதே வெட்டிரலாம்" என்றார்.

வெட்டுமுன் துணியைத் தேயிலை வடிநீரில் முழுவதுமாக நனைத்து, விரித்து உலர்த்தினோம். பழைய பாயின் நிறம் வந்தது. செய்தித்தாளில் முதலில் அளவு வெட்டினேன். பின் துணியை வெட்டினேன். ஓரக்கயிற்றை நான் தைக்க, அவர் விரலால் தடவித் தடவிப் பார்த்தார். இருமுறை, "பிரிங்க, சாமி, இழுத்துத் தைச்சிருக்கீங்க, ஓரம் சுருங்கிப்போகும்" என்றார். பிரித்துத் தைத்தேன்.

பங்குக்குத் திரும்பிய மறுநாள் பிள்ளைகளுடன் குளத்துக்குப் போனேன். தோணியை விடுவதற்கு முன், "அன்றைக்கு ஒருவன் கேட்டானே, அதற்குச் சரியான பதிலை இன்று சொல்கிறேன். என் தந்தை பாய் தைப்பவர். இந்தப் பாய் அவர் சொல்லிக்கொடுத்துத் தைத்தது, துணியும் அவருடைய வேட்டி" என்றேன். பாயின் கீழ்மூலையைப் பிடிக்கும் தாமான் கயிற்றைச் சற்றுத் தளர்த்திக் கட்டினேன். காற்று வந்தது. பாய் ஒருமுறை நடுங்கி, நிரம்பி, அசையாது நின்றது. தோணி நேரே எதிர்க்கரை சேர்ந்தது. பிள்ளைகள் கரையோரமாக அதன் பின்னே ஓடினார்கள்.

அன்று மாலை தந்தையைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பின்னோரம் அடிச்சுச்சா?"

"இல்லை, அப்பா."

"அப்ப சரி" என்றார்.

அன்பார்ந்த இளைஞர்களே, உங்களைப் படிக்கவைத்த கைகள் என்ன தொழில் செய்தன என்று யாரேனும் கேட்டால், அந்தத் தொழிலின் பெயரையே சொல்லுங்கள். நான் அதைச் சொல்வதற்கு நாற்பது ஆண்டுகளுக்குமேல் ஆயிற்று. இதற்கிடையில் என் தந்தை வராமற்போன பெற்றோர் நாள்களை என்னால் திரும்பப் பெற முடியாது.